பட்டியலில் இல்லாத குறியீடு

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் காணாமல் போவதற்குப் பதினோரு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளியிலிருந்து இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டேன். ஈ, சி. அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "புதுச்சேரி–விழுப்புரம் தடம் முடிந்தது. பட்டியலில் இல்லாத குறியீடு ஒன்று இருந்தது, நீக்கினேன். குளியலறைக் குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும்." மூன்று வாக்கியமும் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. நடுவில் இருப்பதை மட்டும் என்னால் இப்போது சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். வயது ஐம்பத்திரண்டு. வீடு வில்லியனூருக்குப் பக்கத்தில், உறுவையாறு என்ற ஊரில். பகல் முழுக்க மனைகளுக்கும் வயல்களுக்கும் எல்லை வரைகிறேன். விடியற்காலையில் ஐந்தரைக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் இன்னொரு வரைபடம் வரைகிறேன். அது இணையத்தில் இருப்பது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. பல செயலிகள் அந்த வரைபடத்தைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு ஜனங்களுக்கு வழி சொல்கின்றன. எங்கள் தெருவை அதில் ஏற்றியது நான். செலியமேட்டு வாய்க்கால்களையும் மடுகரை பக்கம் புதுச்சேரி, தமிழ்நாட்டு எல்லை பின்னிக் கிடப்பதையும் ஏற்றியது நான். என் கணவருக்கு இது வேடிக்கை.

"ஆபீசுல வரையறது பத்தலியா? இன்னும் இன்னா மிச்சம் கீது?" என்பார்.

"ரயில் ஸ்டேஷன் கோட் எழுத்து."

"அத நீ போடலன்னா வண்டி ஓடாதா?"

ஓடும். ஆனால் ஒழுங்கில்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு விட்டுவிட எனக்கு வராது.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே சில வரிகள் உண்டு. இடப்பக்கம் தலைப்பு, வலப்பக்கம் விவரம். பெயர் என்ற தலைப்புக்கு எதிரே வில்லியனூர். வகை என்பதற்கு எதிரே ரயில் நிலையம். ரயில்வே ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு குறியீடு வைத்திருக்கிறது. விழுப்புரம் வி.எம்., புதுச்சேரி பி.டி.ஒய். இந்தக் குறியீட்டை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதில்தான் குழப்பம். ஒருவர் ரெஃபரன்ஸ் என்பதைச் சுருக்கி 'ரெஃப்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'ரயில்வே ரெஃப்' என்றார். வேறொருவர் 'நிலையக் குறியீடு' என்று தாமே ஒரு தலைப்பை உண்டாக்கிக்கொண்டார். இன்னும் ஒருவர் ஊர்ப்பெயரோடு ஒட்டி அடைப்புக்குறிக்குள் செருகியிருந்தார். நான்கு பேரும் சொன்னது ஒன்றுதான். எந்திரத்துக்கு அவை நான்கு வேறு சங்கதிகள். ஒரு நிலையத்தின் குறியீட்டைத் தட்டினால் கிடைக்கும், அடுத்ததைத் தட்டினால் கிடைக்காது.

வரைகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் இதைப் பற்றி மாதக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். எல்லாக் குறியீடும் 'ரெஃப்' என்ற ஒரே தலைப்பின் கீழ், பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், இப்போது வெளியிடப்பட்டிருக்கும் பட்டியலில் உள்ளபடி. எங்கள் பக்கத்துத் தடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அப்போது ஒருவர் கேட்டார்: மூடிப்போன நிலையங்களின் குறியீட்டை என்ன செய்வது, 'பழைய ரெஃப்' என்று தனித் தலைப்பு கொடுத்து வைத்திருக்கலாமா? நான்தான் பதில் எழுதினேன். "பயன்பாட்டில் இல்லாத குறியீடு பயணிகளைக் குழப்பும். பட்டியலில் இல்லையென்றால் வரைபடத்திலும் வேண்டாம்." ஏழு பேர் அதை ஆமோதித்தார்கள்.

எங்கள் தடத்தில் பட்டியலில் இல்லாதது ஒன்றே ஒன்று. தண்டவாளத்தை அகலப்படுத்திய காலத்தில் மூடப்பட்ட ஒரு சின்ன நிறுத்தம். ஏரியில் தொடங்கிச் சேரியில் முடிகிற ஊர்ப்பெயர். அதனால் ஆங்கிலத்தில் ஈ.சி. மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தேன்: தண்டவாளத்தை ஒட்டி ஒரு மேடு, நாலு மரம், வேறொன்றும் இல்லை. பெயரை விட்டுவைத்து, குறியீட்டை எடுத்தேன்.

இனி காணாமல் போன பெரியவரைப் பற்றி. எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. ரயில்வேயில் கீமேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் தண்டவாளத்தின் மேலேயே ஒரு குறிப்பிட்ட தூரம் நடந்து, கட்டைகளோடு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணிகள் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே போகும் வேலை. மனைவி இறந்த பிறகு மகளோடு இருந்தார். மகள் சேதராப்பட்டில் மாத்திரை அட்டை கட்டும் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். காலையில் ஆறரைக்குக் கம்பெனி பஸ். புருஷன் இல்லை. ஒரு தம்பி, திருப்பூரில். அப்பாவுக்கு மறதி வந்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் மருந்து சாப்பிட்டதை மறந்தார், அப்புறம் பேரை, அப்புறம் எது தன் வீடு என்பதை. எங்கே எழுந்து போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம். வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். நான் ஒன்பது மணிக்குக் கிளம்பும்போது எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவேன்.

சித்திரை கடந்ததும் அவர் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

"அக்கா, நைனா ஒரு வாரமா ஈசிக்குப் போவணும், ஈசிக்குப் போவணும்னே நிக்கிறாரு. இன்னா ஈசின்னு கேட்டா மொறைக்கிறாரு."

"வீட்டு மனைக்கு ஈ.சி. எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"எங்கக்கா. பத்திரம் பொட்டிக்குள்ள கீது. ஈசி கீசி எதுவும் கெடையாது."

இங்கே யாரிடம் ஈ.சி. என்று சொன்னாலும் ஒன்றுதான் நினைப்பார்கள்: வில்லங்கச் சான்று. மனை யார் பேரில் இருக்கிறது, அடமானம் கிடமானம் உண்டா என்று பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் தாள். நானோ அந்தத் தாள்களின் நடுவிலேயே இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருப்பவள். வேறு விதமாக நினைக்க எனக்கு வழியே இல்லை என்று பிற்பாடு சிலர் சமாதானம் சொன்னார்கள். அது சரியல்ல. அந்தச் சமயத்தில் தினமும் காலையில் நிலையக் குறியீடுகளைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முடி வாரி, சட்டை போட்டுத் தயாராக இருந்தார்.

"பெரியவரே, ஈ.சி. எதுக்கு உங்களுக்கு?"

"போவணும்."

"நான் வாங்கிட்டு வர்றேன். நீங்க வரவேணாம்."

"எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்குத்தான் தெறப்பாங்க."

"பத்தா?" என்று என்னை ஒரு மக்கைப் பார்க்கிறாற்போலப் பார்த்தார். "அதுக்குள்ளாற அது பூடும்மா."

மகளும் நானும் சிரித்துவிட்டோம். எது போய்விடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாட்குறிப்பில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன், வேடிக்கைப் பேச்சு என்று.

நானே விண்ணப்பம் எழுதினேன். புதுச்சேரியில் நிலத்துக்கு இரண்டு எண் உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அளந்தபோது கொடுத்தது கதாஸ்தர் நெம்பர். பிறகு மறுபடியும் அளந்தபோது கொடுத்தது ரீசர்வே நெம்பர். பழையது செல்லாது, ஆனாலும் எந்தத் தாளிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு யாராவது தேடி வந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு தடவை புதிதாக வந்த எழுத்தர் கதாஸ்தர் நெம்பரை விட்டுவிட்டார் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் நான் சத்தம் போட்டிருக்கிறேன். கீமேன் வீட்டு விண்ணப்பத்திலும் இரண்டையும் எழுதினேன்.

சான்று திங்கட்கிழமை கையில் கிடைத்தது. நான் வரைபடத்தில் ஈ.சி.யை நீக்கிய சனிக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து. அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பேப்பரும்மா."

"இதுதான் ஈ.சி."

"இது இல்ல." ஆனாலும் திருப்பித் தரவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளால் வீட்டில் வேறு ஒரு வம்பு கிளம்பியது. அக்கா வில்லங்கச் சான்று எடுத்திருக்கிறாள் என்பது எப்படியோ தம்பி காதுக்குப் போய்விட்டது. வீட்டை விற்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். தினமும் போனில் கத்தினான். அடுத்த வாரம் புதன்கிழமை காலையில் ஆறு மணிக்கே கூப்பிட்டிருக்கிறான். அவள் பேசிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். கதவைப் பூட்டவில்லை. சாவியும் என்னிடம் வரவில்லை. அவளுக்கு அன்றைக்கு லீவு போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்தபோது கதவு திறந்து கிடந்தது.

கம்பெனியிலிருந்து அவள் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. உறுவையாற்றை முழுக்கத் தேடினார்கள். ஆற்றங்கரை, கோயில், கரும்புத் தோட்டம். காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டார்கள். எங்கேயாவது போகணும் என்று சொன்னாரா என்று கேட்டதற்கு அவள் "ஈசி ஈசின்னு சொல்லிகினே இருந்தாரு சார்" என்றாள். நல்லெண்ணத்தோடுதான், ஒரு காவலரைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அலுவலகம் பூட்டும் வரைக்கும் அந்தக் காவலர் அங்கே பெஞ்சில் காத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். வில்லியனூர் ரயில் நிலையத்தில் விசாரிக்கலாம் என்று அவளை அழைத்துக்கொண்டு போனேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்தவருக்கு நடுத்தர வயது. போட்டோவைப் பார்த்ததும், "இவரா? நேத்து காலையில விழுப்புரம் வண்டிக்கு வந்தாரு. பழைய ஸ்டாஃபுன்னு சொன்னாரு. பேச்சு கொஞ்சம் முன்னபின்ன இருந்துச்சு" என்றார்.

"எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினாரு சார்?" என்று அவள் கேட்டாள்.

"ஊர் பேரு சொல்லலம்மா. எங்க ஆளுங்க யாரும் ஊர் பேரு சொல்ல மாட்டாங்க. எழுத்துதான் சொல்லுவோம். அவரும் எதோ ரெண்டு எழுத்து சொன்னாரு. அப்படி ஒரு ஸ்டேஷன் எங்க லிஸ்ட்லயே இல்ல. சரி, விழுப்புரத்துக்கே குடுத்துட்டேன்."

கவுண்டரின் சலவைக்கல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவளும் அதே கணத்தில் புரிந்துகொண்டுவிட்டாள்.

"ஈசி ஒரு ஸ்டேஷனா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இருக்காதுக்கா. நேத்து சாயந்தரம் எனக்கே ஒரு ரோசனை வந்துச்சு. எங்கியாச்சும் எடத்தோட பேரா இருக்கப்போவுதுன்னு ரயில் பாக்கற ஆப்புல ஈசின்னு போட்டுப் பாத்தேன். ஒண்ணுமே வரல" என்றாள்.

"இருக்கு," என்றேன். "எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று அவள் அப்போது கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

அடுத்த வண்டி சாயங்காலம்தான். ஆட்டோ பிடித்தோம். எல்லையைத் தாண்டி, தார்ச் சாலையை விட்டு, கரும்பு லாரி போகும் வண்டிப்பாதையில் போய், அதுவும் முடிந்த இடத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம். நான் படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. மண்மேடு. அதன் விளிம்பில் கருங்கல் வரிசை. நாலு வேப்பமரம். ஊர்ப்பெயர் எழுதியிருந்த சிமெண்டுப் பலகையின் இரண்டு கால்கள் மட்டும் நின்றன. யாரும் இல்லை.

மேட்டுக்குப் பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துக் கிட்டே வந்தார்.

"அந்தப் பெரியவரத் தேடிகினு வந்தீங்களா?"

அவள் போட்டோவைக் காட்டினாள். அந்த அம்மாள் போனைத் தானே வாங்கி வெயில் படாமல் பிடித்துப் பார்த்தார்.

"இவருதான். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் தண்டவாளத்தோடவே நடந்து வந்தேன்னாரு. நேத்து முச்சூடும் இந்தக் கல்லு மேலதான் குந்திகினு இருந்தாரு. இன்னா பெரியவரே, யாருக்குக் காத்துகினு கீறன்னு கேட்டேன். டூட்டி முடிஞ்சிருச்சி, வூட்டுக்குப் போற வண்டி வரணும்னாரு. இங்க எந்த வண்டியும் நிக்காது பெரியவரேன்னேன். நிக்கும், பாஸ் கீதுன்னு ஒரு பேப்பர எட்த்துக் காட்னாரு. ஒவ்வொரு வண்டி வர்றப்பவும் எழுந்து நின்னு அந்தப் பேப்பர நீட்டுவாரு. அது எங்க நிக்கிது, ஊதிகினு போயிடும். திரும்பக் குந்திக்குவாரு."

"சாப்டாராம்மா?" என்று அவள் கேட்டாள்.

"கூழு குட்த்தேன். துன்னாரு. பொழுது சாயறப்போ எங்க வூட்டுக்கு வான்னு கூப்ட்டேன், வரல. அப்பால வண்டி பூடிச்சின்னா இன்னா பண்றதுன்னாரு. இன்னிக்கி காத்தால வந்து பாக்கறேன், ஆளக் காணம்."

"எந்தப் பக்கம் போனாரு?"

"பாக்கலியே தாயி. வண்டி போற பக்கமாத்தான் போயிருப்பாரு."

வண்டி இரண்டு பக்கமும் போகிறது. நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். இருட்டும் வரை நடந்தோம்.

அவர் வேலை பார்த்த காலத்தில் அவருடைய நடை அந்த நிறுத்தத்தில் முடியும் என்று பின்னால் அவரோடு வேலை செய்த ஒருவர் சொன்னார். காலையில் கிளம்பி, ஆணி தட்டிக்கொண்டே ஈ.சி. வரைக்கும் நடந்து, அங்கே கல்லில் உட்கார்ந்திருந்து, வண்டி பிடித்து வீட்டுக்குத் திரும்புவார். இருபது வருடத்துக்கு மேல் அப்படி. ஆகவே அவர் ஈ.சி.க்குப் போக வேண்டும் என்று சொன்னது வீட்டைவிட்டுப் போவதற்கு அல்ல, வீட்டுக்கு வருவதற்கு. அந்த வண்டி பத்து மணிக்கு முன்னாலேயே போய்விடும். அதைத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. அவர் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிகளில், முதியோர் இல்லங்களில், இரண்டு மாநிலத்துப் பிணவறைகளில் பார்த்தாகிவிட்டது. தம்பி வந்து இரண்டு மாதம் தங்கி அக்காவோடு தேடினான். காவல் நிலையத்துக் குறிப்பில் அடையாளம் என்ற இடத்தில், வெள்ளை அரைக்கைச் சட்டை, நீலக்கட்டம் போட்ட லுங்கி, சட்டைப் பையில் ஒரு வில்லங்கச் சான்று என்று இருக்கிறது. அதில் என் கையெழுத்திலிருந்து தட்டச்சான இரண்டு எண்களும் இருக்கும், பழையதும் புதியதும்.

அந்த முதல் வாரத்தில் ஒரு நாள் அலமாரியில் கிடந்த என் பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். அவள் சொன்ன அதே செயலி அதிலும் இருந்தது. இந்தச் செயலிகள் வாரம் ஒருமுறை வரைபடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய போன் பல மாதமாக அணைந்து கிடந்ததால் அதில் இருந்தது பழைய வரைபடம். இணையத்தோடு இணைக்காமல் ஈ.சி. என்று தட்டினேன். முதல் வரியிலேயே வந்தது. ஊர்ப்பெயர், மூடப்பட்ட நிறுத்தம், வில்லியனூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எல்லாம்.

அதாவது நான் நீக்காமல் விட்டிருந்தால், புதன்கிழமை சாயங்காலம் அவள் தட்டியபோது அது வந்திருக்கும். சாயங்காலம் எத்தனை மணி என்று அவளிடம் இன்னொரு நாள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அஞ்சு, அஞ்சேகால் இருக்கும் என்றாள். ஆட்டோவில் போக எங்களுக்கு ஆன நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு அவர் கல்லில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்மணி அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதே அதற்கப்புறம்தான். கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நாங்கள் போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்கிறார்.

என் கணவரிடம் சொன்னேன்.

"நீ வேணும்னா பண்ண?"

"இல்ல."

"அப்போ சொல்லாத. சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தப் பொண்ணு ஏற்கெனவே கதவப் பூட்டலியேன்னு செத்துகினு கீது."

அவர் சொன்னதில்தான் எனக்குச் சிக்கல். அவள் பூட்டாததை மட்டுமே நினைத்துச் சாகிறாள். நடந்ததில் பாதிதான் அவளுக்குத் தெரியும். மீதிப் பாதி என் நாட்குறிப்பில் இருக்கிறது.

ஐந்து மாதம் சொல்லவில்லை. அந்த ஐந்து மாதமும் அவள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என் வீட்டுக்கு வருவாள். நான்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன் என்று எல்லோரிடமும் சொல்வாள். "அக்கா மட்டும் இல்லன்னா நைனா எங்க போனாருன்னே தெரிஞ்சிருக்காது" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு ஈ.சி.யைத் திரும்பப் போட்டுவிட்டேன், 'பழைய ரெஃப்' என்ற தலைப்பில். இணையப் பக்கத்தில் மூடிய நிலையங்களுக்கெல்லாம் இந்தத் தலைப்பைப் பயன்படுத்துவோம் என்று எழுதினேன். முன்பு வேண்டாம் என்று சொன்ன நீங்களே இப்போது ஏன் வேண்டும் என்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன். மற்ற தடங்களைத் திருத்தும் வேலையைத் தொடரவும் முடியவில்லை. ஒரு குறியீட்டை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் அதை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கட்டிலில் யாரோ தயாராக உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். சொல்வதைவிடக் காட்டுவது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வரைபடத்தில் எந்தப் புள்ளியை யார் எப்போது தொட்டார்கள் என்பது அழியாமல் இருக்கும். மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு வரியாக விரலால் காட்டினேன். இது நான் அங்கே வைத்துக்கொண்டிருக்கும் பெயர். இது நான் ஈ.சி.யை நீக்கிய நாள், நேரம். இது நான் கொடுத்த காரணம்: பட்டியலில் இல்லாத குறியீடு நீக்கம். பிறகு பழைய போனை எடுத்து அதில் தட்டிக் காட்டினேன். அவள் ஆப்பில் தட்டியபோது ஏன் வரவில்லை என்பதைச் சொன்னேன்.

கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் வரிக்குக் கீழே இருந்த இன்னொரு வரியில் விரல் வைத்தாள்.

"இது யாரு?"

"எது?"

"நீங்க எட்த்தது இது. அதுக்கு முன்னால யாரோ போட்டிருக்காங்க இல்ல. அது யாரு?"

நான் அதைப் பார்க்கவே இல்லை. என் தவற்றின் வரியை மட்டும்தான் ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காட்டிய வரியில் பெயர் இல்லை, ஒரு நீளமான எண்தான் பெயராக இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முந்தைய நாள். அந்த எண்ணை அழுத்தி, அவர் வரைந்த மற்றவை என்னென்ன என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த ஆள் இந்த உலக வரைபடத்துக்கு வந்து ஒரே ஒரு வேலைதான் செய்திருக்கிறார். மூடிப்போன ஒரு நிறுத்தத்துக்குப் புள்ளி வைத்து, பெயர் எழுதி, ஈ.சி. என்று இரண்டு எழுத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்ப நைனாவத் தவிர இன்னொருத்தருக்கும் அந்த எடம் தெரியும்," என்றாள். "அங்கேர்ந்து வண்டி கிடைக்கலன்னா எப்படிப் போவாங்க, எந்த ஊரு வழியா நடப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்க முடியுமா?"

"செய்தி அனுப்பலாம். பார்த்தால் பதில் போடுவார்."

"அனுப்புங்க மேடம்."

மேடம் என்றது முதலில் என் காதில் சரியாக விழவில்லை. அவள் கிளம்பி வாசல்வரை போய், செருப்பு மாட்டிக்கொண்டு, "வரேன் மேடம்" என்று மறுபடியும் சொன்னபோதுதான் விழுந்தது. குரலில் கோபம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் எங்களைக் கூப்பிடுகிற அதே குரல்.

அன்றைக்கே செய்தி எழுதினேன். யார் நாங்கள், யாரைத் தேடுகிறோம், என்ன தெரிந்தால் போதும் என்று தெளிவாக எழுதினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். பத்து நாள் கழித்து இன்னொன்று. பிறகு மாதம் ஒன்று. அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதை வைத்திருந்தவர் இருக்கிறாரா என்றும் தெரியவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

முன்புபோல் உள்ளே வந்து உட்காருவதில்லை. வேலை விட்டு வரும்போது கேட்டுக்கு வெளியேயே நிற்பாள், கம்பெனிச் சேலையோடு, தோளில் சாப்பாட்டுப் பையோடு. நான் துணி எடுத்துக்கொண்டிருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் காத்திருப்பாள். நான் பார்த்ததும் கேட்பாள்.

"பதில் வந்துச்சா மேடம்?"

"இன்னும் இல்லைம்மா."

தலையாட்டிவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் ஐந்தரைக்கு எழுந்து முதல் வேலையாகச் செய்திப் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறேன்.